குழியும் கணக்கும்

பூண்டுலோயாவில் எங்கள் லயத்தின் பின்புறம் ஒரு கூட்டெருக் குழி உண்டு. காய்கறித் தோல், மாட்டுச் சாணம், மானாப்புல் ஆகியவற்றை அடுக்கடுக்காய் இட்டு மூடி வைக்கிறோம். மலைக் குளிரில் அது மெல்லவே மக்கும். நான்கு மாதமேனும் பொறுத்திருக்க வேண்டும். ஆயினும் அந்த எருவில் விளையும் போஞ்சிக்கும் லீக்ஸுக்கும் தனிச் சுவையன்றோ!

2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தபோது, "நமக்குத்தான் குழி இருக்கிறதே!" என்று எண்ணினோம். கணக்குப் பார்த்த பின்னரே உண்மை விளங்கிற்று. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். கூட்டெருவிலோ ஏறத்தாழ ஒரு பங்கே. ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடாக நாற்பதுக்கு மேற்பட்ட மூட்டை எருவைச் செங்குத்து மலையில் சுமப்பவர் யார்? நவம்பரில் தடை நீங்கியது. பசளையின் விலையோ எட்டாத உயரம் ஏறிற்று. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாயிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, மறு ஆண்டு 25 கோடியளவுக்குச் சரிந்தது. கொழுந்து குறைந்தால் வாடுவது பறிப்பவர் வயிறே.

ஆகவே குழியை மூடிவிடலாமா? வேண்டா. எரு மண்ணைப் பிணைக்கிறது, ஈரத்தைக் காக்கிறது. அஃதின்றேல் நம் மலைமண் கரைந்து கொத்மலை நீர்த்தேக்கத்தில் போய்ப் படியும். எரு மண்ணை வளர்க்கும். இரசாயனப் பசளை கொழுந்தை வளர்க்கும். ஒன்றன் வேலையை மற்றொன்றன் தலையில் கட்டினால், பளு ஏறுவது நம் முதுகில்தான்.