கிணற்றுக் கல்லுக்குள் ஒரு மட்டி

எங்கள் வளவில் கிணறு வெட்டிய ஆண்டில் நான் சிறுவன். செம்மண் முடிந்து வெண்கல் தொடங்கியதும் அலவாங்கின் ஓசை மாறியது. வெட்டியவர்களுள் மூத்தவர் ஒரு துண்டை என் கையில் வைத்து, "தம்பி, இஞ்ச பார், மட்டி" என்றார். கல்லுக்குள் சிப்பி பதிந்திருந்தது. கடல் எங்கே, எங்கள் கிணறு எங்கே என்று வியந்தேன்.

விடை பல ஆண்டுகளின் பின்னரே கிடைத்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டைத் தாங்கும் சுண்ணக்கல் மயோசீன் காலத்தது. இற்றைக்கு 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம் அது. எம் ஊர் அப்போது ஆழமற்ற கடலின் அடியில் உருவாகிக்கொண்டிருந்தது.

அதே மயோசீனில், வடக்கே, இன்று சிவாலிக் குன்றுகளாக உயர்ந்து நிற்கும் ஆற்றுச் சமவெளிகளில் டிசோப்சாலிஸ் என்னும் ஊனுண்ணி வேட்டையாடியது. 1910இல் கை பில்கிரிம் என்னும் புவியியலாளர் அப்பெயரை இட்டார். ஹையனோடொண்ட் என்ற தொல்குலத்தைச் சேர்ந்தது அது. பெயரில் ஒலிக்கும் கழுதைப்புலிக்கு உறவல்ல. நாய்க்கும் பூனைக்கும் தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சோடிப் பற்களே இறைச்சியை நறுக்கும் கத்தரி. இக்குலத்திலோ பின்கடைவாய்ப் பற்கள் பலவும் கத்தரியாயின. அக்குலத்தில் இறுதிவரை தாக்குப்பிடித்தவற்றுள் டிசோப்சாலிசும் ஒன்று. பின்னர் அதுவும் அழிந்தது. ஆற்று வண்டல் மூடிக்காத்த பற்களும் தாடைகளும் அதன் கதையைச் சொல்கின்றன.

கடலடியில் கிடந்த எம் நிலத்தில் அத்தகைய விலங்கின் எலும்பைத் தேடிப் பயனில்லை. எமக்குக் கிடைத்த ஏடு சிப்பியும் முருகையும்தான். அதை நாம் எப்படிக் காத்தோம்? 1950 முதல் 1990 வரை காங்கேசன்துறையில் சுட்டுச் சீமெந்தாக்கினோம். வெட்டிய குழிகள் எஞ்சின.

கல் வெறும் ஏடு மட்டுமன்று. வற்றாத ஆறு ஒன்றில்லாத எம் நாட்டில், மழைநீர் தங்குவது அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும்தான். அந்த நன்னீர் கீழுள்ள உவர்நீரின்மேல் மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனாலேயே. கல்லை அகழ்ந்தாலும் நீரை அளவுமீறி இறைத்தாலும் கடல் உள்ளே வரும். ஒருமுறை கடலாக இருந்த நிலத்துக்கு அது புதிதன்று, எமக்குத்தான் போக்கிடமில்லை.

அந்த மட்டிக்கல்லை நெடுநாள் வைத்திருந்தேன். 1995 இடப்பெயர்வில் கைவிட்டுப் போயிற்று. கிணறு இருக்கிறது. தண்ணீர் இன்னமும் நன்னீர்தான்.