மெக்கானிக்கிட்ட போனா மட்டும் திணறாத கார்

பழைய கார் இருக்கிற வீடுகள்ல இந்தத் தலைவலி ஒரு தடவையாவது வந்திருக்கும். ஆக்சிலரேட்டரை மிதிச்சா வண்டி ஒரு நொடி யோசிக்கும், அப்புறம் சட்டுனு இழுத்துக்கிட்டுப் போகும். மெக்கானிக்கிட்ட கொண்டு போனா ஒண்ணுமே நடக்காது. ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து, "வண்டி நல்லாத்தானே சார் இருக்கு" என்பார்.

ஒரு நொடிதானேன்னு விட முடியாதுங்க. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துல ஒரு நொடிக்குள்ள கார் கிட்டத்தட்ட 17 மீட்டர் போயிடும். லாரியை ஓவர்டேக் பண்ண வெளிய வந்த பிறகு என்ஜின் யோசிச்சா...?

ஒரு வீட்டுல 2005 மாடல் சின்ன பெட்ரோல் கார். தினமும் ஆபீசுக்கு ஓட்டுறது அம்மா. திணறுதுன்னு முதல்ல சொன்னதும் அவங்கதான். அப்பா ஞாயித்துக்கிழமை ஓட்டிப் பார்த்தார், திணறவே இல்லை. "நீ கியரை லேட்டா மாத்துறே, அதான்" னு தீர்ப்பு சொல்லிட்டார். அதுக்கப்புறம் அம்மா பைபாஸ்ல ஓவர்டேக் பண்றதையே விட்டுட்டாங்க.

ஆனாலும் செலவு நிக்கலை. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், பிளக் வயர்னு வரிசையா மாத்தினாங்க. ஒவ்வொண்ணு மாத்தினதும் ரெண்டு நாள் நல்லா ஓடும், மூணாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. இதுல ஒரு ஏமாற்று இருக்கு. எப்பவாவது மட்டும் வர்ற கோளாறு, எதையும் மாத்தாட்டியும் ரெண்டு நாள் வராமத்தான் இருக்கும். அந்த ரெண்டு நாளுக்கான பேரு கடைசியா மாத்தின பார்ட்டுக்குப் போயிடுது.

திணறல் ஏன் வருது? ஒரு கிராம் பெட்ரோல் சரியா எரிய கிட்டத்தட்ட 14.7 கிராம் காத்து வேணும். சட்டுனு மிதிச்சா காத்து உடனே உள்ள பாயும், பெட்ரோல் கொஞ்சம் பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்ப கூடுதலா பெட்ரோல் போகணும். 1983 டிசம்பர்ல வந்த மாருதி 800 மாதிரி கார்புரேட்டர் வண்டிகள்ல இதைச் செய்யறது ஆக்சிலரேட்டர் பம்ப்ங்கிற குட்டி பம்ப். என்ஜினை நிறுத்தி, ஏர் ஃபில்டரைக் கழட்டி, உள்ள பார்த்துக்கிட்டே லீவரை அசைச்சா பெட்ரோல் உடனே பீச்சணும். பீச்சலைன்னா பெரும்பாலும் அங்கதான் கோளாறு. இன்ஜெக்ஷன் வண்டியில, கால் எவ்வளவு அழுத்துதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது த்ராட்டில் பொசிஷன் சென்சார். அதைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும்.

கடைசியில அம்மாவே பெட்ரோல் கணக்கு நோட்டோட பின்பக்கத்துல எழுத ஆரம்பிச்சாங்க. என்ஜின் சூடா, ஆறியிருந்ததா? எந்த கியர், என்ன வேகம்? மேடா, சமதளமா? டேங்க்ல எவ்வளவு? கால் எவ்வளவு அழுத்தினது?

இந்தக் கேள்விகள் சும்மா இல்லை. காலையில ஆறின என்ஜின்ல மட்டும் திணறினா சோக், இல்லாட்டி டெம்பரேச்சர் சென்சார் பக்கம் பார்க்கணும். சூடான பிறகு மட்டும்னா இக்னிஷன் காயில். மேட்டுல ரொம்ப நேரம் மிதிச்சு ஏறும்போதுன்னா பெட்ரோல் பம்ப், ஃபில்டர். மழையில மட்டும்னா பிளக் வயர். ராத்திரி இருட்டுல பானட்டைத் திறந்து, என்ஜின் ஓடும்போது கையை விடாம எட்ட நின்னு பார்த்தா, கரண்ட் கசியற வயர்ல நீலமா பொறி தெரியும்.

மூணு வாரம் எழுதினதுல விஷயம் வெளிய வந்துச்சு. மேடு, மழை, டேங்க் எதுவும் காரணமில்லை. மூணாவது, நாலாவது கியர்ல, காலை லேசா வச்சு ஓட்டும்போது மட்டும்தான் திணறல். முழுசா மிதிச்சா வரவே இல்லை. அப்பாவும் மெக்கானிக்கும் நல்லா அழுத்தி ஓட்டுற ஆளுங்க, அந்த இடத்தை ஒரு நொடியில தாண்டிப் போயிடுவாங்க!

நோட்டைப் பார்த்த ஆட்டோ எலக்ட்ரீசியன் முள் மீட்டரை எடுத்தார். அதுக்குக் காரணம் உண்டு. டிஜிட்டல் மீட்டர்ல ஒரு கணத்து விழுதல் தெரியாமலே போகலாம், முள்ளு துள்ளிக் காட்டிடும். சாவியைப் போட்டு த்ராட்டிலை மெதுவா திறந்தா வோல்டேஜ் சீரா ஏறணும். ஒரே ஒரு இடத்துல முள் சட்டுனு கீழ விழுந்து எழுந்துச்சு. வருஷக்கணக்கா ஒரே அளவுல கால் வச்சு ஓட்டினதுல சென்சார் தடம் அந்த இடத்துல மட்டும் தேஞ்சு போச்சு. அங்க வந்ததும், கால் எடுத்துட்டாங்க போலன்னு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைச்சிடுது. எச்சரிக்கை விளக்கு எரியற அளவுக்கு நேரம் நீடிக்காத கோளாறு அது. இந்தியாவுல ஓபிடி-2 கட்டாயமானது 2013 ஏப்ரல்லதான், அதுக்கு முந்தின வண்டியில ஸ்கேனரை ரொம்ப நம்பவும் முடியாது.

சென்சார் மாத்தியாச்சு. "ரெண்டு நாள் இல்லீங்க, ஒரு மாசம் எழுதிப் பார்த்துட்டுச் சொல்றேன்" னு அம்மா சொல்லிட்டாங்க. இந்தத் தடவை அப்பா மறுத்துப் பேசலை :)

உங்க வீட்டு வண்டியும் திணறினா, அடுத்த பார்ட் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு வாங்குங்க. அதைத் தினமும் ஓட்டுறவங்க கையில கொடுங்க. அவங்க எழுதறதை மெக்கானிக்கிட்ட அப்படியே காட்டுங்க.