நீளமான பாட்டு

விடுமுறை நாட்களில், ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் எங்கள் மாமாவிடம் நான் டி.ஜே. வேலை பார்ப்பதுண்டு. மடிக்கணினியில் 2,000 பாடல்கள் இருந்தன. எது எங்கே இருக்கிறது என்பது இறைவனுக்கே வெளிச்சம்!

தை மாதம் அக்காளின் திருமண வரவேற்பு. ஒருநாளும் ஆடியறியாத அப்பா, தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆட வந்துவிட்டார். நிமிடத்துக்கு 128 தட்டு ஓடிய பாட்டு முடியும் தறுவாயில் அடுத்ததைத் தேடினேன், அகப்படவில்லை. பதற்றத்தில் 90 தட்டுப் பாட்டொன்றை இழுத்துவிட்டேன். தாளம் தடுக்கியது, சுருதியும் பிசகியது. அப்பா அசடு வழியச் சிரித்துவிட்டுப் போய் அமர்ந்தார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாளே அடுக்கத் தொடங்கினேன். வேகத்தைக் கணினியே கணக்கிடும். ஆனால் 70 தட்டை 140 என்று இரட்டித்தும் காட்டிவிடும். ஆகவே காலால் தட்டிச் சரிபார்த்தேன். சுருதிக்குக் கேமலாட் சக்கரம் துணை நின்றது. அதில் கடிகாரம்போல் 12 எண்கள். 'ஏ' என்றால் மைனர், 'பி' என்றால் மேஜர். 8ஏ பாட்டுக்கு 7ஏ, 9ஏ, 8பி மூன்றும் உறவுக்காரர்கள். வேகமும் நெருங்கியிருந்தால் சம்பந்தம் பேசிவிடலாம்!

வைகாசியில் சித்தப்பா மகனுக்குத் திருமணம். அப்பா தயங்கித் தயங்கி ஆட வந்தார். நான்கு பாடல்கள் மாறின, அவர் நிற்கவில்லை. முடிவில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ரொம்ப நீளமான பாட்டுடா!"

நண்பர்களே, இதைவிட வேறென்ன பரிசு வேண்டும் எனக்கு?