கிளட்ச் கேபிளும் மகளின் இடது காலும்

எங்கள் விஸ்வநத்தத்தில் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் இருந்தால், அதற்குள் காலண்டர் அட்டையோ தீப்பெட்டி பண்டலோ இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். எங்கள் ஷெட்டிலும் அட்டைதான் இருந்தது. போன வருஷம் அதைக் காலி செய்துவிட்டு, என் மகளும் அவளோடு இன்ஜினீயரிங் படிக்கும் ஐந்து பையன்களும் ஒரு காரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வந்தது இரும்புக் குழாய்களால் ஆன ஒரு கூடு. பின்னாலேயே லோடு ஆட்டோவில், அடிபட்ட பழைய மாருதி 800 ஒன்றின் இன்ஜினும் கியர் பாக்ஸும் வந்தன.

இதற்குக் கிட் கார் என்று பெயர். உதிரிபாகங்களாக வாங்கி, வீட்டில் நாமே பூட்டிக்கொள்கிற கார். இங்கிலாந்தில் 1957-இல் வந்த லோட்டஸ் செவன்தான் இந்த வகையில் பேர் பெற்றது. முழுக் காராக வாங்கினால் அப்போது அங்கே விற்பனை வரி இருந்தது, பாகங்களாக வாங்கினால் இல்லை. ஆனால் எப்படிப் பூட்டுவது என்று கம்பெனி எழுதித் தரக் கூடாதாம். அதனால் எப்படிக் கழற்றுவது என்று எழுதிக் கொடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. வரி என்று வந்துவிட்டால் எல்லா ஊரும் ஒரே ஊர்தான்!

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு முன்னோடி இருந்தார். கோயம்புத்தூர் கரிவர்தன். மாருதி 800-இன் இன்ஜினை வைத்தே ஒற்றை ஆள் ரேஸ் கார் செய்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது அந்த வகைக் கார்தான். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த ரேஸ் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். என் மகள் செல்போனில் வால்பேப்பராக இருப்பது நடிகர் படம் இல்லை, அந்த டிராக்.

வீட்டில் செய்த காரை நினைத்த மாத்திரத்தில் ரோட்டில் ஓட்டிவிட முடியாது. அதற்கு அரசாங்கத்தின் ஒப்புதல், ஆர்.டி.ஓ. பதிவு எல்லாம் வேண்டும். இவர்கள் ஓட்டப்போவது கல்லூரி மைதானத்தில் மட்டும். ஓட்டுவது என் மகள் என்று முதல் நாளே முடிவாகியிருந்தது. ஆறு பேரில் எடை குறைவு அவள்தான். தவிர, எங்கள் வீட்டு 800-இல் மூன்று வருஷமாக ஓட்டிப் பழகியவள். சொல்லிக் கொடுத்தது நான்.

அந்த முடிவுக்குத்தான் கிளட்ச் வடிவில் சோதனை வந்தது.

பெடலைத் தரையோடு தரையாக மிதித்தாலும் ரிவர்ஸ் கியர் ‘கர்ர்’ என்று பல்லைக் கடித்தது. முதல் கியரில் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடியே நின்றால் வண்டி மெல்ல ஊர்ந்தது. சரி, கேபிள் லூஸ் என்று நட்டை நாலு சுற்று இறுக்கினார்கள். கியர் விழுந்தது. ஆனால் இன்ஜின் கத்துகிறது, வண்டி போகவில்லை, கருகல் வாடை. மறுபடி தளர்த்தினால் மறுபடி ‘கர்ர்’. நாலு நாள் இதே வேலை. நட்டின் மரைதான் தேய்ந்தது. இதில் பெடல் வேறு கல்லாக இருந்தது.

ஐந்தாம் நாள் ஒரு பையன் சொல்லிவிட்டான். “அவளுக்குக் கால்ல பலம் பத்தலை ஆன்ட்டி. கடைசி வரைக்கும் மிதிக்க முடியலை. நான் ஓட்டுறேன்.” ஆறடி உயரம், பார்க்க வாட்டசாட்டம். மகள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் 800-ஐ ரொம்ப காலமாகப் பார்த்துவந்த மெக்கானிக் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். வேலையை விட்டு வீட்டில் இருக்கிறார். “புள்ளைங்க கார் செய்யுதா? இதோ வாரேன்” என்று டிவிஎஸ் 50-இல் வந்து இறங்கினார். வந்தவர் ஸ்பேனரைத் தொடவில்லை. “தாயி, ஒரு ஸ்கேல் இருந்தா குடு” என்றார்.

மகளை உட்காரவைத்து மிதிக்கச் சொன்னார். பெடல் நகர்ந்தது 12 சென்டிமீட்டர். பெடலின் நீளக் கணக்குப்படி அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது 30 மில்லிமீட்டர், கேபிளை இழுக்க வேண்டும். பின்னால் போய் கியர் பாக்ஸ் மேல் இருக்கும் கிளட்ச் கையை அளந்தார். வெறும் 17 மில்லிமீட்டர்தான் நகர்ந்தது.

“புள்ள கடைசி வரைக்கும் மிதிச்சிருச்சுப்பா. பாதிதான் போய்ச் சேருது. மிச்சம் எங்க போச்சு?”

கூடிநின்ற யாருக்கும் பதில் தெரியவில்லை. அவரே எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். பாவாடை நாடாவை இழுக்கும்போது இன்னொரு கையால் துணியைப் பிடித்துக்கொள்கிறோம் இல்லையா? பிடிக்காவிட்டால் நாடா இறுகாது, துணிதான் கூடவே சுருங்கிக்கொண்டு வரும். கிளட்ச் கேபிளும் அப்படித்தான். உள்ளே கம்பி, வெளியே உறை. கம்பி இழுக்க வேண்டுமானால் உறை அசையாமல் எதிர்த்து நிற்க வேண்டும். 1896-இல் பௌடன் என்பவர் காப்புரிமை வாங்கிய சமாச்சாரம் இது. சைக்கிள் பிரேக்கிலிருந்து கார் கிளட்ச் வரை இன்றைக்கும் அதேதான். எல்லோரும் கம்பியைப் பார்ப்பார்கள், உறையை யாரும் பார்ப்பதில்லை.

மகளை மறுபடி மிதிக்கச் சொல்லிவிட்டு, உறையின் முனை உட்கார்ந்திருந்த தகட்டின் மேல் கைவைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். ஒவ்வொரு மிதிக்கும் அந்த 2 மில்லிமீட்டர் தகடு டின் மூடி மாதிரி உள்ளே அமுங்கி எழுந்தது. போதாததற்கு கேபிளே பாம்பு மாதிரி தலை தூக்கியது. 800-இல் இன்ஜின் முன்னால் இருப்பதால் கேபிள் குட்டை. இந்த வண்டியில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால். அதனால் இரண்டரை மீட்டர் கேபிளைச் சொல்லிச் செய்து, மூன்று இடத்தில் மடக்கிக் கொண்டுபோயிருந்தார்கள். வளைவு அதிகமானால் உள்ளே உரசலும் அதிகம். பெடல் கல்லாக இருந்தது அதனால்தான்.

தகட்டுக்கு முட்டுக்கொடுத்து வெல்டு வைத்தால் அரை மணி நேர வேலை. ஆனால் எங்கள் ஷெட்டில் வெல்டிங் என்ற பேச்சே கிடையாது. பக்கத்துச் சந்தில் பட்டாசுக்குப் பேப்பர் குழாய் சுற்றுகிற வீடுகள். தீப்பொறி பறக்கிற எந்த வேலையும் இந்தத் தெருவில் நடக்காது. கூட்டையே சிவகாசியில் வெல்டு பண்ணித்தான் கொண்டுவந்திருந்தார்கள். அதனால் 4 மில்லிமீட்டர் ஆங்கிள் துண்டுகள் இரண்டைக் கையால் துளைபோட்டு, போல்ட் வைத்துத் தகட்டுக்கும் சட்டத்துக்கும் முட்டுக்கொடுத்தார்கள். இரண்டு நாள் பிடித்தது. மூன்று வளைவை இரண்டாக்கி, அவற்றையும் சாப்பாட்டுத் தட்டின் ஓரம் மாதிரி அகலமாக்கினார்கள். உறை துள்ளாமல் இருக்க வழிநெடுக கிளாம்ப். அதை நசுக்கிப் பிடிக்கக் கூடாது, சும்மா தாங்கினால் போதும். பெடலுக்குப் பின்னால் ஒரு போல்ட்டைத் தடையாக வைக்கச் சொன்னார் அண்ணாச்சி. கிளட்ச் முழுசாக விட்ட பிறகும் கால் அமுக்கிக்கொண்டே போனால், அந்த வேகமெல்லாம் கேபிள் மேல்தான் விழும்.

நடுவில் இன்னொரு கண்டுபிடிப்பு. இவர்கள் போட்ட முதல் கேபிள் எட்டே நாளில் இறுகிப்போய், இது இரண்டாவது. பழையதைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். உறைக்குள் இருந்த பிளாஸ்டிக் உருகியிருந்தது. “எர்த் ஒயர் எங்கப்பா?” என்றார். இருந்தது, ஆனால் பெயின்ட் மேலேயே போல்ட் போட்டிருந்தார்கள். இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் பண்ணும்போது பாய்கிற கரண்ட் திரும்பிப் போக வழி இல்லாமல் கிளட்ச் கேபிள் வழியாகப் போயிருக்கிறது. கேபிள் சூடாகாமல் என்ன செய்யும்? பெயின்ட்டைச் சுரண்டி ஒயரை முடுக்கியதும் ஸ்டார்ட்டரே வேகமாகச் சுற்றியது.

எல்லாம் முடிந்த பிறகுதான் நட்டைத் தொடவிட்டார். பெடலை விரலால் அமுக்கினால் முதலில் கொஞ்ச தூரம் கனமில்லாமல் சும்மா போக வேண்டும். ஃப்ரீ பிளே என்பார்கள். அது சுத்தமாக இல்லை என்றால் பெடலில் கால் வைக்காதபோதும் கிளட்ச் பாதி மிதித்த நிலையில் இருக்கும், பிளேட் வழுக்கிக் கருகும். ரொம்ப அதிகமானால் கியர் பல்லைக் கடிக்கும். இவர்கள் நட்டைக் கூட்டிக் குறைத்து இந்த இரண்டுக்கும் நடுவேதான் அலைந்திருக்கிறார்கள். மறுபடி ஸ்கேலை வைத்தபோது கிளட்ச் கை நகர்ந்தது 26 மில்லிமீட்டர்.

மகள் ஏறி உட்கார்ந்து மிதித்தாள். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. “அம்மா, நம்ம வண்டி மாதிரியே இருக்கும்மா” என்றாள். அந்த ஆறடிப் பையனும் மிதித்துப் பார்த்தான். “சாரிப்பா” என்று அவளிடம் நேராகவே சொன்னான். நல்ல பிள்ளைதான். சீட்டைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. அண்ணாச்சி காசு வாங்க மறுத்துவிட்டார், காபி மட்டும் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

கல்லூரி மைதானத்தில் இதுவரை நாலு தடவை ஓட்டிவிட்டாள். புதுக் கேபிள் கொஞ்சம் இழுபடும், முதல் மாதம் அளந்துகொண்டே இருக்க வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். கேபிள் இழுபட்டால் ஃப்ரீ பிளே கூடும், பிளேட் தேய்ந்தால் குறையும். எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் எது காரணம் என்று தெரிந்துவிடும். ஷெட் சுவரில் தொங்கும் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் அவள் எழுதிவைக்கும் எண்கள் அவைதான். முதல் வாரம் 20, அடுத்த வாரம் 23. நட்டை ஒரு சுற்று திருப்பியபின் மறுபடி 20. அடுத்து பிரேக் வேலை ஆரம்பித்திருக்கிறார்கள். என் அளவு ஸ்கேல் இன்னும் ஷெட்டில்தான் கிடக்கிறது.