விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு எஜமானர் யார்?

ஒருவன் தன் கைப்பொருளைச் செலவிட்டு வாங்கிய ஐபோனில் எந்தச் செயலியை ஏற்றலாம், எதை ஏற்றலாகாது என்று நிர்ணயிக்கும் அதிகாரம், விற்றுப் பணம் பெற்றுக்கொண்ட பிறகும் விற்றவனிடமே தங்கியிருப்பது எந்தத் தர்மத்தின்பாற்பட்டது என்று வினவுவதைப்போல, ஐரோப்பிய ஒன்றியம் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தை இயற்றி, 2024 மார்ச் முதல் பிற செயலி அங்காடிகளுக்கும் ஆப்பிள் இடந்தர வேண்டுமென்று கட்டாயப்படுத்தியது. கதவு திறந்ததென்னவோ மெய். ஆனால், இதையொட்டி ஆப்பிள் வகுத்த புதிய நிபந்தனைகளை ஏற்ற செயலியொன்று ஆண்டுக்குப் பத்து லட்சம் நிறுவல்களைத் தாண்டினால், அதற்கு மேற்பட்ட ஒவ்வொன்றுக்கும் அரை யூரோ செலுத்த வேண்டுமென்று அந்நிறுவனம் விதித்ததைக் கண்டபோது, கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே சுங்கச்சாவடி அமைத்த சாமர்த்தியம் என்றுதான் எனக்குத் தோன்றிற்று.

பாதுகாப்புக்குப் பங்கம் நேருமென்று ஆப்பிள் எழுப்பும் ஆட்சேபம் முற்றிலும் பொய்யன்று. கள்ளச் செயலிகளால் பணமிழந்தோரை நாமும் அறிவோம். எனினும், காவல் புரிகிறேன் என்பவனே, டிஜிட்டல் விற்பனையில் 30 சதவீதம் வரை தரகும் பெற்றுக்கொண்டு, வேறிடத்தில் மலிவாகக் கிடைக்குமென்று செயலியை உருவாக்கியோர் தாராளமாக அறிவிப்பதற்கும் தடை விதிப்பானாயின், அக்காவலின் நோக்கத்தை ஐயுறாமலிருக்க இயலுமோ? அந்தத் தடைக்காகவே 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் 50 கோடி யூரோ அபராதம் விதித்தது.

சட்டம் தலையிடத்தான் வேண்டும். என் அபிப்பிராயத்தில், வாசலில் வசூலிக்கும் கட்டணத்தையும் சேர்த்தே அது வரையறுக்க வேண்டும்.