தகடு வச்சு மூடினா விரிசல் போயிருமா?

அம்பாசடரை 'டாங்கி'ன்னு சொல்லிச் சொல்லியே அதுக்கு சாவே கிடையாதுன்னு ஒரு நெனப்பு நமக்கெல்லாம் வந்துடுச்சு. தகடு கெட்டிதான், ஒத்துக்கறேன். ஆனா லாரி மாதிரி தனியா ஒரு சேஸிஸ் அதுக்குக் கிடையாது. பாடிதான் சேஸிஸ். நாம கால் வைக்கிற தரைத்தகடும் பாரம் தாங்குற எலும்புல ஒண்ணு. அதுல விரிசல் விட்டா அது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, எலும்பு முறிவு.

எங்க சித்தப்பா வண்டி 1996 மாடல். கடியப்பட்டணத்துல நடுராத்திரி யாருக்காவது பிரசவ வலி வந்தா ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு ஓடுன வண்டி. 2014-ல உத்தரபாரா ஃபேக்டரியில அம்பாசடர் செய்யறதையே நிறுத்தின பிறகும் மனுசன் விக்க மாட்டேன்னுட்டாரு. போன மாசம், "பிரேக் அடிச்சா சீட்டு டக்குன்னு முன்னால போவுது மக்கா"ன்னார். மேட்டைத் தூக்கிப் பாத்தா, டிரைவர் சீட்டு ரெயிலைப் பிடிச்சிருக்கிற போல்ட் ஓட்டையிலேருந்து ஒரு விரல் நீளத்துக்கு விரிசல்.

இது ஏன் வருது? ஒரு கம்பியை ஒரே இடத்துல மடக்கி மடக்கி நிமித்தினா கடைசியில ஒடியும் இல்லையா, அதேதான். உலோகச் சோர்வுன்னு சொல்வாங்க. இழுக்கப்படுற தகட்டுல ஒரு வட்ட ஓட்டை இருந்தா, அதோட ஓரத்துல மட்டும் அழுத்தம் மூணு மடங்கு. விரிசலோட முனை ஊசி மாதிரி கூர்மை, அங்க இன்னும் பல மடங்கு. அதான் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு. எங்க ஊருல கூடவே உப்பும் சேரும். கரையிலேருந்து ஈரக்காலோட வந்து ஏறுவோம். மேட்டுக்கு அடியில மணலும் உப்புத்தண்ணியும் காயாமலே கெடக்கும்.

உப்பும் சோர்வும் சேந்தா என்ன ஆகும்னு உலகத்துக்கே காட்டினது ஹவாய் தீவுல ஓடின ஒரு விமானம். 1988 ஏப்ரல் 28, அலோஹா ஏர்லைன்ஸ், போயிங் 737. தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பயணமா, ஏறி இறங்கினது மொத்தம் 89,680 தடவை. 24,000 அடி உயரத்துல கூரையில ஒரு பெரிய பகுதி பிச்சுக்கிட்டுப் போச்சு. ஒரு பணிப்பெண் இறந்தாங்க. ஆணி ஓட்டைகள்ல வந்த விரிசல்தான் காரணம். இதுல என்னை உலுக்கின விஷயம், ஏறும்போதே ஒரு பயணி அந்த விரிசலைப் பாத்திருக்காங்க. யாருகிட்டயும் சொல்லலை.

சரி, நம்ம வண்டிக்கு வருவோம். பட்டறை அண்ணன் பாத்ததுமே, "மூணு எம்எம் தகடு வச்சு அடிச்சா ஆயுசுக்கும் அசையாது மக்கா"ன்னார். நான் விடலை. மெல்லிசான தகட்டுல கெட்டித் தகட்டை ஒட்டினா, ஒட்டு அசையாது. அதோட ஓரத்துல பழைய தகடு கிழிய ஆரம்பிக்கும். அடியில மூடிக் கெடக்கிற விரிசலும் தன் வேலையைப் பாத்துக்கிட்டே இருக்கும். எரர் மெசேஜை மறைச்சுட்டு புரோகிராம் சரியாயிடுச்சுன்னு சொல்ற கதைதான் :-)

கடைசியில நாங்க செஞ்சது இது. பேட்டரியைக் கழட்டி, பெட்ரோல் லைனை எடுத்துட்டு, பக்கத்துல தண்ணியும் ஈரச்சாக்கும் வச்சுக்கிட்டோம். துருவை வெள்ளைத் தகடு தெரியுற வரைக்கும் தேய்ச்சோம். மண்ணெண்ணெய் தடவி, நல்லா துடைச்சு, மேல சாக்பீஸ் தூள் தூவினோம். விரிசலுக்குள்ள போன எண்ணெய் கசிஞ்சு தூள்ல கோடா வந்துச்சு. கண்ணுக்கு ஒரு விரல் நீளம். தூள் காட்டினது ரெண்டு விரல்! அந்த முனையைத் தாண்டி 3 மி.மீ. ஓட்டை ஒண்ணு போட்டோம். கூர்மை போய் வட்டமானா ஓட்டம் நிக்கும். தூளையும் எண்ணெயையும் சுத்தமா துடைச்சு எடுத்த பிறகுதான், சிஓடூ வெல்டிங்ல புள்ளி புள்ளியா, ஆற விட்டு ஆற விட்டு அடைச்சோம். அதுக்கு மேல அதே கனத்துல, மூலையெல்லாம் வளைச்சு வெட்டின ஒரு ஒட்டு. அப்புறம் பிரைமர், சீலர், அடியில கருப்புக் கோட்டிங். தண்ணி வடியுற ஓட்டையை மட்டும் அடைக்கக் கூடாது.

ஆனா மூல காரணத்தைக் கண்டுபிடிச்சது அண்ணன்தான். ரெயிலோட உள்பக்கத்துல ரெண்டு போல்ட்டுக்கு நட்டே இல்லை, துருவுல தின்னு போச்சு. "நாலு பேரு தூக்குற பாரத்தை ரெண்டு பேரு தூக்கினா கிழியாம என்ன செய்யும்?"னார். அதை மாத்தலைன்னா இத்தனை வெல்டிங்கும் வீண்தான். அடுத்த விரிசல் பக்கத்துலயே வந்திருக்கும்.

பழைய வண்டி வச்சிருக்கிறவங்க மாசம் ஒருக்கா மேட்டைத் தூக்கிப் பாருங்க. சீட்டு ஆடுனா, கதவு பொருந்தாம இடிச்சா, தரைத்தகட்டைப் பாருங்க. அடுத்தவன் வண்டியில ஏறும்போது ஒரு கீறல் கண்ணுல பட்டாலும் கூச்சப்படாம சொல்லிருங்க. அவன் கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை.