அடைமழைக் கணக்கு

ஃபிரிட்ஜின் முதுகில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கிறது. தோப்பு வீட்டுக்குச் சோலார் போட வந்த பையன், "என்னென்ன சாமான், எத்தனை வாட், எத்தனை மணி நேரம் ஓடும்னு எழுதிக் குடுங்க சார்" என்று கேட்ட பிறகுதான் டார்ச்சோடு அதன் பின்னால் நுழைந்தேன். அதிலிருந்து எதைக் கண்டாலும் கவிழ்த்துப் பார்க்கும் வியாதி. விருந்துக்குப் போன வீட்டில் கிரைண்டரைச் சாய்த்துப் பார்த்ததை மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

பழைய மின்விசிறி 75 வாட். இரண்டு விசிறி ராத்திரி எட்டு மணி நேரம் சுற்றினால் 1.2 யூனிட். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் காகிதப்படி 1.8 யூனிட் உண்டு. ஆனால் ஈயப் பேட்டரி நெடுநாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் தொடக் கூடாது. ஆக, விடிவதற்குள் புழுங்கும். அதையே 30 வாட் பி.எல்.டி.சி. விசிறியாக்கினால் அரை யூனிட்டில் பொழுது விடிந்துவிடும். இன்னொரு பேட்டரி வாங்குவதைவிட விசிறியை மாற்றுவது மலிவு. விற்க வருகிறவர் இதை முதலில் சொல்ல மாட்டார். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது சுமார் ஆயிரம் வாட்தான், கிளம்பும் நொடியில் பல மடங்கு கேட்கும். அந்த ஒரு நொடிக்காகவே பெரிய இன்வெர்ட்டர். அதுவோ சும்மா இருப்பதற்கே 20 வாட் தின்றால், வேலையே செய்யாமல் ஒரு நாளைக்கு அரை யூனிட் காலி. ஆபீசில் இப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளொன்றுக்கு நாலு யூனிட் தரும். பையனின் கணக்கு இந்த நாலோடு நின்றது. "ஐப்பசியில?" என்றேன். "ஆவரேஜ் சார்" என்றான்.

பட்டுக்கோட்டைப் பக்கம் இருந்த என் அப்பாயிக்கு ஆவரேஜ் தெரியாது. புரட்டாசி வெயில் இருக்கும்போதே நெல்லை அவித்துக் காயவைத்து அரைத்து முடித்துவிடுவாள். ஐப்பசியில் அவித்தால் காயாமல் நாறிப்போகும். தோப்பில் விழும் மட்டை, பாளை, பன்னாடை, கொட்டாங்குச்சி எல்லாம் பரணுக்குப் போகும். "இது எத்தன நாளைக்கு வரும் அப்பாயி?" என்று கேட்டால், "அடமழ நாலு நாள் புடிச்சாலும் தாங்கும்" என்பாள். மழை பிடித்துக்கொண்டால் அடுப்பும் சுருங்கிவிடும். காலையில் பழையது, ராத்திரி கஞ்சியும் துவையலும். வெந்நீர் தாத்தாவுக்கு மட்டும். நாங்கள் அழுது பார்த்திருக்கிறோம். பரணிலிருந்து ஒரு பாளை இறங்கியதில்லை.

நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் இரண்டு பத்தி இருந்தன: வெயில் நாளுக்கு ஒன்று, மழை நாளுக்கு ஒன்று. மோட்டார், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் மூன்றும் உச்சி வெயிலில் மட்டும். மழைப் பத்தியில் விளக்கு, விசிறி, செல்போன் சார்ஜர். ஃபிரிட்ஜை அதில் சேர்க்க மனைவி வாதாடி வென்றாள். பேட்டரி ஒன்று கூடியது.

வீட்டில் கரண்ட் லைன் இருக்கிறது, எனக்கெதற்கு இந்தக் கணக்கு என்பவர்களும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது தென்னையோடு கம்பங்களும் சாய்ந்தன; டெல்டாவில் பல ஊர்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆயிற்று.

சோலார் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எத்தனை கிலோவாட் என்று பிறகு பேசுங்கள். கார்த்திகையில் மூன்று நாள் தொடர்ந்து வெயில் இல்லாவிட்டால் வீட்டில் எதெது ஓடும் என்று முதலில் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.